பத்துக்கு ஒன்று குறைவு

தண்டர் பே துறைமுகத்தில் ஏரி உறைந்து
கடைசிக் கப்பலும் போன வாரம்
கேள்வித்தாள் வந்தது.
எண்பத்தாறு கேள்வி, இருபத்தைந்து நிமிடம்.
"உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்" என்றது
பதில் அனுப்ப முடியாத ஒரு முகவரி.

நாங்கள் கோதுமைக்குத் தரம் சொல்லும் அரசு ஊழியர்கள்.
மாதிரியைத் தட்டில் கொட்டி
பனியில் சுருங்கியது, முளைவிட்டது, பூஞ்சை கறுத்தது எனச்
சாமணத்தால் ஒதுக்கி
முதல் தரம், இரண்டாம் தரம், மாட்டுத்தீவனம் என்று
முத்திரை குத்துகிறவர்கள்.
சச்சரவு வந்தால் தராசு பேசும்.
இப்போது எங்களைக் கேட்கிறார்கள்:
என் மேலாளர் என்னை மரியாதையோடு நடத்துகிறார்.
முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து
முற்றிலும் மறுக்கிறேன் வரை
ஐந்து வட்டம்.

ரௌஹா லெஹ்தினென் சிரித்தாள்.
"எந்த மேலாளர்?
நாலு வருஷத்தில் மூன்று பேர்.
ரெண்டாவது ஆள் என்னை 'லேப்' என்றே கூப்பிட்டார்.
இப்போதிருப்பவரை வின்னிபெக்கிலிருந்து திரையில்தான் பார்க்கிறேன்,
கால் உண்டா என்று தெரியாது.
மரியாதையானவர்தான்,
ஒலியை அணைத்து வைத்திருக்கும்வரை."

ஷிப்ட் பொறுப்பாளர் டோரியன் கோவல்சக்
இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பெர்ஷியன் ரொட்டி
ஒரு பெட்டி வாங்கி வந்து நடு மேசையில் வைத்தார்.
"வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.
எத்தனை பேர் நிரப்பினீர்கள் என்பது
என் கணக்கில் ஏறும்.
என்ன எழுதினீர்கள் என்பது வராது."
சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

பொடி எழுத்தில் ஒரு விதி:
பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவின் விடைகள்
தனியே வெளியிடப்படமாட்டா,
உங்கள் அடையாளம் காக்கும் பொருட்டு.

பெக்கா செப்டம்பரில் ஓய்வுபெற்றார்.
அவர் நாற்காலிக்கு ஆள் போடவில்லை.
நாங்கள் ஒன்பது பேர்.

"அப்படியானால் நம்மை எங்கே சேர்ப்பார்கள்?"
"பிற பகுதிகள் என்ற தலைப்பில்."
ரினோ டெஃபாசியோ ரொட்டியைக் கடித்தபடி சொன்னான்:
"கலப்படம்தான்.
ஒரு பிடி எர்காட்டை
இருபதாயிரம் டன்னில் விட்டால்
எந்தச் சல்லடையிலும் சிக்காது."

கடைசியில் ஒரு பெட்டி.
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?
ஐந்நூறு எழுத்துக்குள்.

எழுதினேன்:
என் மேசைக்கு மேலுள்ள குழல்விளக்கு
மூன்று குளிர்காலமாகத் துடிக்கிறது.
அதன் கீழே முற்றிய மணியும் பச்சையாகத் தெரிகிறது.
மெல்வில் பக்கத்து விவசாயி ஒருவர்
தனியே ஏற்றி அனுப்பிய ரயில்பெட்டிக்கு
இரண்டு படி குறைத்துத் தரம் போட்டேன்.
மறுநாள் மிச்ச மாதிரியை
ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன்.
அதற்குள் ரசீது போய்விட்டிருந்தது.

நாற்பத்தொரு எழுத்து மீதம் என்றது திரை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
பிறகு விவசாயியை அழித்தேன்.
ரயில்பெட்டியை, மெல்வில்லை, ஜன்னலை.
விளக்கு மட்டும் மிஞ்சியது.
இப்போது மீதம்
முந்நூற்றுச் சொச்சம் எழுத்து.
எதுவும் தோன்றவில்லை.
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
நன்றி என்றது.

ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து
முதல் கப்பலோடு ஒரு சுவரொட்டியும் வந்தது:
பிற பகுதிகளில் எழுபத்தொரு சதவீதம் பேர்
தலைமையின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.
டோரியன் ஏணி போட்டு ஒட்டினார்.
நல்ல நீலத்தில்தான் அச்சடித்திருக்க வேண்டும்,
எங்கள் வெளிச்சத்தில் பாசி நிறமாய்த் தெரிந்தது.
ஏணியிலிருந்து இறங்காமல்
தலைக்கு மேல் துடிக்கும் குழலை
விரலால் ஒருமுறை தட்டினார்.
"நானும் எழுதினேன்" என்றார்,
சுவரைப் பார்த்து.
யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இப்போதெல்லாம்
சந்தேகம் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு
ஜன்னலுக்குப் போகிறேன்.
என் மேசையிலிருந்து பதினோரு எட்டு.
முதல் நாள் போனபோது
அங்கே ஏற்கெனவே இரண்டு தட்டுகள் இருந்தன.
ரௌஹா தன்னுடையதைக் கொஞ்சம்
தள்ளி வைத்தாள்.